மைலேஜ் காசும் தொப்பூர் இறக்கமும்

சங்ககிரியில் லாரிக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். லாரி இல்லையென்றால் பட்டறை, இல்லையென்றால் டயர் கடை, ஃபைனான்ஸ், புக்கிங் ஆபீஸ், அதுவும் இல்லையென்றால் யாராவது ஒரு மாமா டிரைவராக இருப்பார். எங்கள் வீட்டில் சில வண்டிகள் ஓடுகின்றன. லோடு பிடிப்பதும் ஆர்டிஓ ஆபீஸுக்கு அலைவதும் வீட்டுக்காரர், டிரிப் ஷீட்டைப் பார்த்துக் கணக்கு முடிப்பது நான். வயதான டிரைவர்கள் அம்மிணி என்பார்கள், சின்னப் பையன்களுக்கு அக்கா. நான் ஸ்டீயரிங் பிடித்ததில்லை. ஆனால் ஒரு வண்டி எப்படி ஓட்டப்படுகிறது என்பது கடைசியில் என் நோட்டுக்குத்தான் வந்து சேரும்: பிரேக் லைனிங் எத்தனை மாதத்தில் போனது, முன் டயர் எந்தப் பக்கம் தின்றிருக்கிறது, டீசல் எவ்வளவு குடித்தது, வழியில் எங்கே நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது.

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். டோல்கேட்டில் வண்டியை ஓரங்கட்டி ஒரு நோட்டீஸ், ஒரு டீ, சில இடங்களில் கண் பரிசோதனை முகாம். கண் முகாமை நான் குறை சொல்லமாட்டேன். எதிரே வருகிற லைட் எல்லாம் இத்தனை நாளாக ஏன் பூத்துப்பூத்துத் தெரிந்தது என்று எங்கள் டிரைவர் ஒருவருக்கு அங்கே கண்ணாடி வாங்கின பிறகுதான் புரிந்தது. ஆனால் அந்த நோட்டீஸ் இருக்கிறதே, அதில் வேகமாகப் போகாதே, தூங்காதே, குடிக்காதே, போன் பேசாதே என்று முழுக்க முழுக்க டிரைவருக்கே சொல்லியிருப்பார்கள். வண்டி வைத்திருக்கிறவனுக்கு ஒரு வரி இருக்காது. டிரைவரின் பழக்கம் எல்லாம் அவர் பிறக்கும்போதே கூடப் பிறந்தது மாதிரி. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் பழகுகிறார், எனக்குத் தெரிந்து பாதிப் பழக்கம் அப்படி வந்ததுதான்.

மைலேஜ் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிக்கு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் ஒரு அளவு வைத்துவிடுவார். லோடோடு போகும் பன்னிரண்டு சக்கர வண்டிக்கு மூன்றரை, நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் டிரைவர் டீசல் மிச்சம் பிடித்தால் அந்தக் காசு அவருக்கு, அளவுக்குக் கீழே போனால் டிரிப்புக்குக் கொடுக்கிற படிக்காசில் பிடித்தம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். டீசல் திருட்டும் இதில் ஓரளவு அடங்கும், அதனால்தான் நிறையப் பேர் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு தர்மபுரி - சேலம் ரோட்டில் இருக்கிற தொப்பூர் கணவாயில் போய் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தாவணகெரே பக்கமிருந்து நாமக்கல் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வருகிறது. வண்டியும் சரக்கும் சேர்ந்து 35 டன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம் தாண்டி, வீடு இன்னும் ஒரு எட்டுதான் என்கிற நினைப்பில் டிரைவர் தொப்பூர் கணவாயில் இறங்குகிறார். ரோடு நல்ல ரோடு, நாலு வழி. அதுதான் வினையே. பழைய மலைப்பாதை மாதிரி கொண்டை ஊசி இருந்தால் பயந்து இறங்குவார்கள், இங்கே இறக்கமாகவே தெரியாது, வண்டி தானாக ஓடும். அந்த இடத்தில் நியூட்ரலில் தட்டிவிட்டால் சில கிலோமீட்டர் சும்மா போகலாம் என்று கை போகிறது. சிலர் ஒருபடி மேலே போய் சாவியையே ஆஃப் செய்துவிடுவார்கள். லாரி பிரேக் காற்றில் வேலை செய்வது; இன்ஜின் நின்றால் அந்தக் காற்றை அடைக்கிற ஏர் கம்ப்ரஸரும் நின்றுவிடும், டேங்கில் இருக்கிற காற்று மட்டும்தான் மிச்சம், ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் அது கரையும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் நியூட்ரல் நியூட்ரல்தான். கியரில் இருந்தால் 35 டன்னின் வேகத்தை இன்ஜினும், புகை போகிற வழியை அடைத்து இன்ஜினை இறுக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்த வேலை முழுக்க, லைனிங் உரசிப் பிடிக்கிற பிரேக் டிரம்மின் தலையில் விழுகிறது. மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி விரியும், லைனிங் வெந்து பிடிப்பு போகும், பெடல் காலுக்குக் கீழே இருக்கும் ஆனால் வண்டி நிற்காது. இதைத்தான் பேப்பரில் பிரேக் பிடிக்காமல் லாரி மோதியது என்று போடுகிறார்கள். பிரேக்கில் கோளாறு இருந்திருக்கவே வேண்டியதில்லை. நல்ல பிரேக்கையும் இப்படி மிதித்தால் போய்விடும். சரி, இப்போது கியரில் போட்டுக்கொள்ளலாம் என்றால் வண்டி எடுத்திருக்கும் வேகத்துக்கு கியர் விழாது, பல்லைக் கடித்துக்கொண்டு கரகரவென்று கத்தும், அவ்வளவுதான்.

இத்தனை ஆபத்தை எடுத்தும் என்ன மிச்சம் என்று கேட்டால், ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற, இப்போது வருகிற காமன்ரெயில் இன்ஜினில் கியரில் இருந்துகொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும். சொட்டு டீசல் போகாது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் ஓட ஐட்லிங் டீசல் வேண்டும். அதாவது கணவாய் இறக்கத்தில் கியரில் வருகிறவருக்குச் செலவு பூஜ்ஜியம், நியூட்ரலில் வருகிறவருக்குத்தான் செலவு. லேசான சரிவில், நீளமான ரோட்டில், நியூட்ரலில் விட்டால் கொஞ்சம் தூரம் கூடுதலாக உருளும் என்பது உண்மை. அந்த அனுபவத்தைத்தான் அப்படியே கணவாய்க்கும் எடுத்துப் போகிறார்கள்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அந்தக் காலத்து டிரைவர்கள் சொல்வார்கள், இப்போது வருகிற வண்டிகளில் அதைவிடக் குறைந்த கியரும் தேவைப்படலாம். முக்கியமானது, இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல், வேகம் கூடும்போது ஒரு மிதி அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிட வேண்டும், டிரம் ஆறட்டும்.

சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் இதையெல்லாம் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, 27 கொண்டை ஊசி வளைவும் சொல்லிக்கொடுத்துவிடும். அங்கே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று கொடுக்கவேண்டும். லோடோடு ஏறுகிற வண்டி வளைவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது பெரும்பாடு, பின்னால் உருண்டால் அவனுக்குப் பின்னால் இருக்கிறவனும் சேர்ந்து போவான். ராத்திரியில் கனரக வண்டிக்கு அந்த வழி தடை. முன்னெல்லாம் கரும்பு லாரிகள் ஆசனூர் காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் யானைக்கு நாலு கரும்பை உருவிப் போட்டுவிட்டுப் போவார்கள், யானைகளும் அதைப் பழகிக்கொண்டு லாரியை மறிக்க ஆரம்பித்துவிட்டன. அது தனிக் கதை.

மைலேஜ் காசுக்கு வருகிறேன். அதை எடுத்துவிட்டு டிரிப்புக்கு நிலையான படி, அதோடு லைனிங்கும் டயரும் எத்தனை நாள் வருகிறதோ அதற்கு வருடக் கடைசியில் ஒரு தொகை என்று மாற்றினால் என்ன என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டபோது, உலகத்தில் இல்லாத கணக்கு என்றார். ஆனால் டீசல் மிச்சம் பிடிக்கிறவரும் லைனிங் மிச்சம் பிடிக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம், நோட்டில் அது பளிச்சென்று தெரிகிறது. கடைசியில் ஒத்துக்கொண்டார். டீசல் செலவு பெரிதாக ஒன்றும் ஏறவில்லை.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் எங்கள் மூத்த டிரைவர் அண்ணன் செய்வதைச் சொல்லவேண்டும். முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. பின் ஆக்சிலுக்குக் கீழே குனிந்து ஏர் டேங்க் அடியில் தொங்குகிற வளையத்தை இழுப்பார், புஸ்ஸென்று காற்றோடு பழுப்புத் தண்ணீர் கொட்டும். அந்தத் தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கம்ப்ரஸர் ரிங் போகப்போகிறது என்று அர்த்தம். அப்புறம் டயர் கழற்றுகிற இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வருவார். காற்று சரியாக இருந்தால் லிவர் துள்ளிக்கொண்டு திரும்பும், ணங்கென்று ஒரு சத்தம். இறங்கியிருந்தால் சத்தம் பொத்தென்று விழும். பின்னால் ஜோடி டயரில் உள் டயர் இறங்கியிருந்தால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, பக்கத்து டயர் தாங்கிக்கொண்டு நிற்கும், முழு பாரமும் அதன்மேல் ஏறிச் சூடாகி நெடுஞ்சாலையில் வெடிக்கும், சில சமயம் தீயே பிடிக்கும். ஜோடி டயருக்கு நடுவில் கல் சிக்கியிருந்தால் அதையும் குத்தி எடுத்துவிடுவார். பின்னால் வருகிற பைக்காரன் நெற்றிக்கு அந்தக் கல் வரும் என்பார்.

கேபினுக்குள் ஏறி இன்ஜினைப் போட்டு ஏர் மீட்டர் முள் மேலே ஏறும்வரை காத்திருப்பார். ஏறினதும் இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை முழுசாக மிதித்துப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்ப்பார். மிதித்தவுடன் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சரி. மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கேயோ கசிவு, அன்றைக்கு வண்டி பட்டறைக்கு. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் கிளம்புகிற பையன்கள் சோம்பேறிகள் என்று பெரியவர்கள் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. லோடு ஆபீஸில் நின்றுகொண்டு இன்னும் எடுக்கலையா, இன்னும் எடுக்கலையா என்று கத்துகிறவர் இருக்கும்வரை எந்தப் பையன் குனிந்து டேங்க் வளையத்தை இழுப்பான்?

டயரைப் பற்றி இன்னொன்று. தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டின ரீட்ரெட் டயரில் ஒன்றும் தப்பில்லை, எங்கள் வண்டிகளிலும் பின்னால் ஓடுகிறது. முன் ஆக்சிலில் மட்டும் போடக்கூடாது. பின்னால் ஒரு டயர் போனால் ஜோடி தாங்கும், முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும். காசு மிச்சம் என்று முன்னாலும் போடுகிற ஓனர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் காருக்கு மட்டும் புது டயர்.

தூக்கத்துக்கு வருவோம். 2020 பிப்ரவரி 20, அவிநாசி பக்கத்தில் விடியற்காலையில் நடந்தது கொங்கு நாட்டில் லாரி வைத்திருக்கிற யாருக்கும் மறந்திருக்காது. கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கன்டெய்னர் நடு மீடியனைத் தாண்டிப்போய், எதிரே பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ்ஸில் மோதி 19 பேர் போனார்கள். முதலில் டயர் வெடித்தது என்றுதான் பேச்சு. விசாரித்ததில் டிரைவர் கண் அயர்ந்துவிட்டார் என்று வந்தது. அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் டிரைவரைத் திட்டாத ஆள் இல்லை. அவர் முந்தின நாள் எத்தனை மணிக்கு எழுந்தார், லோடு ஏற்ற எத்தனை மணி நேரம் குடோன் வாசலில் காத்துக்கிடந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தை யாரும் வேலை நேரமாகக் கணக்குப் பண்ணுவதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை. பகல் முழுக்க வெயிலில் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார், வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால் தூங்கவும் முடியாது, ராத்திரி ஒன்பது மணிக்கு லோடு ஏறினதும் காலைக்குள் இறக்கணும் என்று போன் வரும். ஓனருக்கு அவர் அப்போதுதான் வேலை ஆரம்பித்த மாதிரி. உடம்புக்கு அது பதினைந்தாவது மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி ஓய்வு என்று 1961ஆம் வருடத்து மோட்டார் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

கண் அசருவது என்பது தலை சாய்ந்து குறட்டை விடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்று விநாடிதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் சுமார் 67 மீட்டர், அத்தனை தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை. விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டிலிருந்து நாலு, இந்த இரண்டு நேரமும் உடம்பே கேட்கும். டீயும் முகம் கழுவுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஏதோ கொஞ்ச நேரம் தள்ளிவைக்கும். கடந்து வந்த ஊர் ஞாபகம் இல்லை, லேனை விட்டு டயர் வெள்ளைக்கோட்டில் ஏறுகிறது, ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்தவேண்டி வருகிறது என்றால் ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குவது தவிர வேறு மருந்து இல்லை. சுகர் இருக்கிறவர்களுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வருகிற மயக்கமும் தூக்கம் மாதிரியேதான் இருக்கும்.

2025 அக்டோபர் 1க்கு அப்புறம் தயாராகிற பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று வந்துவிட்டது. நாமக்கல்லில் மரப்பலகையில் கேபின் கட்டிய காலத்து ஆட்கள், ஏசி போட்டால் டிரைவர் தூங்கிவிடுவான் என்கிறார்கள். வெயிலில் வெந்து வந்தவன்தான் தூங்குவான். சித்திரை மாதத்தில் ஒரு மதியம் இவர்கள் கேபினில் உட்கார்ந்து ஓமலூர் வரை போய்வரட்டும், அப்புறம் பேசலாம்.

எங்கே நிறுத்துவது என்பதும் சேர்ந்த கேள்விதான். தூக்கம் வந்தால் ஓரங்கட்டு என்று சொல்லிவிடலாம், ஆனால் சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகிற 544ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ஓரமாக இருட்டில் நிற்கிற லாரியின் பின்னால் போய்ச் சொருகிச் செத்தவர்கள் கணக்கில்லை. பங்க் இருந்தால் பங்க், டாபா இருந்தால் டாபா, ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்தவேண்டும். வண்டி பழுதாகி நகரவே முடியாது என்றால் முக்கோண ரிஃப்ளெக்டரை நல்ல தூரம் தள்ளி வைக்கவேண்டும், பம்பருக்குக் கீழே வைத்தால் யாருக்குப் பிரயோஜனம்? நம்மவர்கள் வேப்பங்கிளையை ஒடித்துப் போடுவார்கள், டயருக்கு அண்டக் கொடுக்கப் பெரிய கல்லை வைப்பார்கள். வண்டி சரியானதும் கிளையும் கல்லும் ரோட்டிலேயே கிடக்க, கிளம்பிப் போய்விடுவார்கள். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்கு அந்தக் கல்தான் எமன். இதற்கு ஓனரைக் குறை சொல்லமுடியாது, முழுக்க டிரைவர் தப்பு.

ஓவர்லோடைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. இருந்தும் ஏற்றுகிறார்கள், ஏனென்றால் வாடகை டன் கணக்கில். ஏற்றச் சொல்வது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சில இடங்களில் அபராதத்தை டிரைவர் படியில் கழிக்கிற கொடுமையும் உண்டு.

போன் விஷயத்திலும் பாதிக் குற்றம் எங்களுடையது. ஓட்டிக்கொண்டே ரீல்ஸ் பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திட்டவேண்டியதுதான். ஆனால் ஒரு டிரைவருக்கு ஒரு நாளில் வருகிற அழைப்புகளைப் பாருங்கள், ஓனர், புரோக்கர், சரக்கு அனுப்பினவர், சரக்கு வாங்குகிறவர், எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, எங்கே வந்துட்டீங்க. வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறது, என் போனிலேயே வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, ஆனாலும் கூப்பிட்டுக் கேட்டால்தான் இவர்களுக்குத் திருப்தி. எங்கள் வீட்டில் இப்போது வண்டி ஓடிக்கொண்டிருப்பதாகத் திரையில் காட்டினால் கூப்பிடக்கூடாது, நின்றதும் டிரைவரே கூப்பிடுவார். வாடிக்கையாளர்களை என் நம்பருக்குத் திருப்பிவிட்டோம். எனக்கு வேலை கூடிவிட்டது, பரவாயில்லை.

கடைசியாக, யாரும் பேசாத விஷயம் ஒன்று, கிளீனர். முன்னெல்லாம் ஒவ்வொரு லாரியிலும் இடது பக்கம் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். திருப்பத்தில் தலையை வெளியே நீட்டி, வரலாம் வரலாம், ரைட்ல வாங்கண்ணா என்று கதவைத் தட்டிக்கொண்டே வருவான். இப்போது கிளீனர் வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கொடுக்கிற சம்பளத்துக்கு அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான். அதனால் பெரும்பாலான வண்டியில் டிரைவர் தனி. இடது முன் மூலையில் ஒட்டி நிற்கிற பைக், ஸ்கூல் பிள்ளையின் சைக்கிள், எதுவும் அந்த உயரத்திலிருந்து கண்ணாடியில் தெரியாது. பெருந்துறையோ ஈரோடோ, ஊருக்குள் இடது பக்கம் திரும்பும்போது நடக்கிற விபத்துகளை எடுத்துப் பார்த்தால் நிறைய இந்த மூலையில்தான் இருக்கும். பைக்கில் போகிறவர்களும் தெரிந்துகொள்ளவேண்டும், லாரி டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

கிளீனர் திரும்ப வரப்போவதில்லை, அதனால் இரண்டு வண்டிக்கு இடது பக்கம் குவிகண்ணாடி கூடுதலாக ஒன்றும் ஒரு கேமராவும் மாட்டியிருக்கிறோம். ஒரு முன் டயர் விலையில் பாதிகூட ஆகவில்லை. சிக்கல் என்னவென்றால் ராத்திரியில் அந்தத் திரை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று டிரைவர் அண்ணன் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். வெளிச்சத்தைக் குறைக்கிற பட்டன் அதில் இல்லை. இண்டிகேட்டர் போட்டால் மட்டும் திரை எரிகிற மாதிரி வயரிங் பண்ணித் தருகிறேன் என்று பட்டறைத் தம்பி சொல்லியிருக்கிறார், அடுத்த முறை வண்டி எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, நிற்கும்போது செய்யப்போகிறோம்.